உன் அம்மாவுக்குத் தெரிந்த ஒரே கியர்

தம்பி,

நீ அனுப்பிய வொய்ஸ் கிடைத்தது. பதிலுக்கு நானும் வொய்ஸ் போட்டால் அதை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பாய். போன தடவை வந்திருந்தபோது உன் சித்தி அனுப்பியதை அப்படித்தான் கேட்டாய். பாவம், அவள் உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள், குரல் மட்டும் கீச்சுக் கீச்சென்று ஓடியது. அதனால்தான் எழுதுகிறேன். தபாலில் கொழும்புக்கு வந்து சேர நாளாகும், பரவாயில்லை. நான் சொல்வதை என் வேகத்திலேயே நீ கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இதில் ஆசீர்வாதம் அதிகம் இருக்காது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

"அம்மா, கல்யாணத்துக்கு முந்தி ஒரு நல்ல வண்டி எடுத்துரணும். சும்மா நிக்கிற அப்பாவோட பைக்கையும் தர்ஷினியோட ஸ்கூட்டியையும் குடுத்துட்டு, ஒரே வண்டியா கியர் பைக் ஒண்ணு எடுக்கலாம்னு பாக்குறேன். ஸ்கூட்டியெல்லாம் நம்ம மலை ரோட்டுக்குச் சரிவராது. ஸ்கூலுக்கு அவ பஸ்ல போகட்டும், முடியலைன்னா விட்டுரட்டும், நான் சம்பாதிக்கிறேன்தானே. எங்க போகணும்னாலும் நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க பொம்பளைக்குப் பொம்பளை, பக்குவமா அவகிட்டச் சொல்லுங்க." இதுதான் நீ பேசியது. ஒரு சொல் மாற்றவில்லை. கியரா, ஆட்டோமேட்டிக்கா என்று நீ என்னைக் கேட்கவில்லை. அதை நீயே முடிவெடுத்துவிட்டாய். உனக்கு நிச்சயித்திருக்கிற பெண்ணின் வண்டியை அவள் கையிலிருந்து வாங்கித் தருகிற வேலையைத்தான் என்னிடம் கொடுத்திருக்கிறாய்.

வண்டியைப் பற்றி அம்மாவுக்கு என்ன தெரியும் என்று நினைப்பாய். கொஞ்சம் தெரியும். ஓட்டத் தெரியாதவள் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். நீ சொல்வதில் பாதி நியாயம்தான், அதை மறுக்கமாட்டேன். புசல்லாவையிலிருந்து கம்பளைக்கு இறங்கும் வளைவுகளில் கியரைக் குறைத்தால் இஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். ஸ்கூட்டியில் அந்தப் பிடி குறைவு, பிரேக்கைத்தான் நம்ப வேண்டும், விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் கருகின வாசம் வரும். இரண்டு பேர் ஏறி, மடியில் ஒரு மூட்டையும் இருந்தால் மேட்டில் ஸ்கூட்டி முனகும். பக்கத்து வீட்டு ரிஸ்வானிடமும் கேட்டேன். கட்டுகஸ்தோட்டையில் செருப்புக் கடை வைத்திருக்கிறவர், இரண்டு வண்டியும் அவர் வீட்டில் நிற்கிறது. "சாமான் ஏத்திக்கிட்டு மலைக்குப் போக கியர்தான் லேசு அக்கா. ஆனா அந்திக்குப் பாலத்துல வாகனம் நிக்கிற நிலையில கிளட்ச் புடிச்சுப் புடிச்சு எனக்கு இடது கை விட்டுப் போயிருது. அதுல ஸ்கூட்டிதான் சொகம். என்ட வீட்ல அத நானும் ஓட்டுவேன், பொஞ்சாதியும் ஓட்டுவாங்க" என்றார். அவர் கடைசியாகச் சொன்னதுதான் என் விஷயம். எது மலை ஏறும், எது பெட்ரோல் குறைவாகக் குடிக்கும் என்றெல்லாம் ஆண்கள் நீங்கள் மணிக்கணக்கில் பேசுகிறீர்கள். வீட்டில் யார் யார் ஓட்டலாம் என்று ஒருவரும் கேட்பதில்லை.

எங்கே போக வேண்டுமென்றாலும் நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று உன் அப்பாவும் கல்யாணமான புதிதில் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. கூட்டிக்கொண்டுதான் போனார். மாநகரசபை வேலை முடிந்து வந்து, குளித்து, தேநீர் குடித்து, பத்திரிகை பார்த்து, அதன் பிறகும் மனது இருந்தால் கூட்டிக்கொண்டு போனார். புசல்லாவையில் என் அப்பா வீட்டுக்குப் போனால் வாசலிலேயே ஹெல்மெட்டைக் கழற்றாமல் நிற்பார். நான் அண்ணியோடு அடுப்படியில் நாலு வார்த்தை பேசத் தொடங்கியிருப்பேன், "மழை வரப்போகுது, கெளம்புவோம்" என்று குரல் வரும். வானம் வெளுத்துக் கிடக்கும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பக்கமாக ஏறி உட்காருவேன். என் அப்பா தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்த மனுஷன், அதிகம் பேசமாட்டார். "இப்பத்தானேம்மா வந்த" என்பார், அவ்வளவுதான். கல்யாணம் ஆனதிலிருந்து என் அப்பாவோடு நிம்மதியாக உட்கார்ந்து ஒரு நேரச் சோறு தின்ற ஞாபகம் எனக்கு இல்லை. உன் அப்பா கெட்டவர் இல்லை. அவர் கையில் சாவி இருந்தது, என் கையில் இல்லை, அதுதான் நடந்தது.

அவர் அப்போது ஓட்டிய முதல் பைக் ஓய்ந்துபோனபோது வீட்டுக்கு ஒரு புது வண்டி எடுக்கப் பேச்சு வந்தது. நான் கண்டிப் புடவைக் கடையில் நின்று நின்று கால் வீங்கிச் சேர்த்த சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்திருந்த நேரம். அதில்தான் எடுத்தோம், உனக்கு நினைவிருக்கும். ஸ்கூட்டி எடுப்போம் என்று நான் சொன்னேன். ஷோரூமுக்குப் போனபோது அங்கே வேலை செய்த பிள்ளை, "ஏறி உட்கார்ந்து பாருங்க அன்ட்டி" என்றாள். உட்கார்ந்தேன். இரண்டு காலும் தரையில் பட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வண்டியின் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நேராக முன்னால் பார்த்தேன். அதுவரைக்கும் நான் பார்த்ததெல்லாம் உன் அப்பாவின் முதுகு. அப்போது நீ வந்து என் காதருகே குனிந்து, "அம்மா, எல்லாரும் பாக்குறாங்க, எறங்குங்க" என்றாய். உனக்கு மீசை அரும்பியிருந்த வயது, கூச்சம் இருக்கும் என்று இறங்கிவிட்டேன். "ரெண்டு ஆம்பளைங்க இருக்கிற வீட்ல ஸ்கூட்டியா?" என்று உன் அப்பா சிரித்தார். நீ கை காட்டிய கறுப்பு கியர் பைக் வந்தது. என் கால் வீக்கத்தில் வந்த வண்டி, என் கால் எட்டாத உயரத்தில் வந்து நின்றது.

பழக்கித் தரச் சொல்லி உன்னிடம் கெஞ்சினேன். ஒருநாள் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாய். கிளட்சைப் பிடி, முதல் கியரைப் போடு, மெல்ல விடு என்றாய். மெல்ல என்பது எவ்வளவு மெல்ல என்று எனக்கு எப்படித் தெரியும்? விட்டேன், வண்டி ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. மறுபடி, மறுபடி, அதே துள்ளல். நீ கைகொட்டிச் சிரித்தாய். அதோடு விட்டிருந்தால் மறந்திருப்பேன். போனில் படம் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டாய். திருச்சியில் இருக்கிற மாமா வரைக்கும் பார்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற முகம் அனுப்பியிருந்தார். நானும் ஒரு சிரிப்பு முகம் போட்டேன். சிரிக்காவிட்டால், அம்மாவுக்கு வேடிக்கை கூடத் தெரியாது என்பீர்களே. அதற்குப் பிறகு அந்த வண்டியின் மேல் நான் ஏறி உட்காரவில்லை. நீயும் வாங்கம்மா பழகுவோம் என்று ஒரு தடவை கூடக் கூப்பிடவில்லை.

அடுத்து நடந்தது உனக்கும் தெரியும். ஆனால் நீ கொழும்பில் இருந்துகொண்டு போனில் கேட்டது வேறு, இங்கே நான் பட்டது வேறு. நாட்டில் பெட்ரோல் இல்லாமல் சனம் நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலம். உன் அப்பா சந்தைப் படிக்கட்டில் சறுக்கி இடது கணுக்காலை உடைத்துக்கொண்டு மாவுக்கட்டோடு கதிரையில் உட்கார்ந்திருந்தார். கியர் பைக்கில் கியரை மாற்றுவது இடது கால்தானே; அவர் மாவுக்கட்டைப் பார்ப்பார், வண்டியைப் பார்ப்பார். பெட்ரோல் கிடைக்கும்போது வாங்கி வைத்துவிட வேண்டும், பிறகு அவசரத்துக்கு யாரிடம் போவது என்று வீட்டில் ஒரே புலம்பல். நீயும் போனில் அதையேதான் சொன்னாய். வரிசைக்கு யார் போவது? நான்தான் போனேன். பாலத்தடியில் தொடங்கி பெட்ரோல் செட் வரைக்கும் அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டே போனேன். முன்னால் ஒரு வண்டி நகர்ந்தால் நானும் நகர வேண்டும். மீட்டரில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்து, நியூட்ரலில் வைத்துத் தள்ளு என்று உன் அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். அந்த வண்டியில் எனக்குத் தெரிந்த ஒரே கியர் அதுதான். வெயில், பிறகு மழை, பிறகும் வெயில். ஒருவழியாகப் பெட்ரோல் அடித்த பிறகு, பின்னால் நின்ற ஒருவர், "இப்பதான் பெட்ரோல் இருக்கே, ஓட்டிக்கிட்டே போங்களேன்" என்றார். தெரியாது என்றேன். செட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். பெட்ரோல் நிரம்பிய வண்டியை, நம் வீட்டு மேட்டில், மூச்சுத் திணற நான் தள்ளிக்கொண்டு வந்தேன். கடைசித் திருப்பத்தில் ரிஸ்வான் பார்த்துவிட்டு ஓடிவந்து பின்னால் பிடித்துக்கொண்டார்.

வண்டியை நிறுத்தி ஸ்டாண்ட் போட்டுவிட்டு உள்ளே வரும்போதே போன் அடித்தது. அண்ணி. "அப்பாவுக்கு ஒரு மாதிரியா இருக்கு, ஒன்னப் பாக்கணுங்கிறாரு, வந்துட்டுப் போ" என்றாள். பஸ் ஓடவில்லை. த்ரீவீல்காரர்கள் எல்லோரும் நான் விட்டுவந்த அதே வரிசையில் நின்றார்கள். முற்றத்தில், புசல்லாவைக்குப் போய்வரப் போதுமான பெட்ரோலோடு ஒரு வண்டி நிற்கிறது, நானே தள்ளிக்கொண்டு வந்தது, ஆனால் என்னால் அதில் போக முடியாது. அந்த நிலையை நான் எப்படி உனக்குச் சொல்வேன்? ரிஸ்வான்தான் கேட்டார். "அக்கா, சாவியத் தாங்க. நான் கொண்டு போய் உட்டுட்டு வாரேன்." உன் அப்பா தலையைச் சொறிந்துகொண்டு, தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று உனக்குப் போன் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார். ரிஸ்வானும் கேட்டுக்கொண்டு நின்றார்.

நீ சொன்னதை நீ மறந்திருப்பாய். "வெளியாளுக்கெல்லாம் வண்டியக் குடுக்காதீங்கப்பா. அது கொஞ்சம் இறுக்கம், பழக்கமில்லாதவங்க ஓட்டினா கிளட்ச் தேஞ்சு போயிரும். இப்ப சாமானும் கெடைக்காது. தாத்தாவுக்கு இப்படி எத்தன தடவ வந்துருச்சு, ஒண்ணும் ஆகாது. விடிஞ்சா எப்படியும் ஒரு பஸ் வரும், அம்மாவப் போகச் சொல்லுங்க." தாத்தாவுக்கு முன்னால் அப்படி வந்ததும் உண்மை, எழுந்ததும் உண்மை. நீ வேண்டுமென்று செய்யவில்லை. ரிஸ்வான் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவெடுத்தீர்கள். என் அப்பாவைப் பற்றியும், என் காசில் வாங்கிய வண்டியைப் பற்றியும் என் வீட்டில் நடந்த பேச்சில், எனக்கு ஒரு வாய் இல்லை. சத்தம் போட்டிருக்கலாம். சாவியைப் பிடுங்கி ரிஸ்வான் கையில் வைத்திருக்கலாம். செய்யவில்லை. அடுப்படிக்குப் போய் உன் அப்பாவுக்குப் பிளேன்டீ ஊற்றினேன்.

மறுநாள் பஸ் வந்தது. ஏறிய கூட்டத்தில் மூச்சு விட இடமில்லை. கண்டியில் இறங்கிக் காத்திருந்து, கம்பளை வரைக்கும் ஒன்றில் தொங்கிக்கொண்டு போய், அங்கிருந்து இன்னொன்றைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது வெளியே கதிரைகள் போட்டிருந்தார்கள். கதிரைகளைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நேத்து அந்தி வரைக்கும் நல்லாத்தான் பேசினாரு. நீ வந்தா சேர்ந்து சாப்பிடலாம்னு சோத்தக் கூட வேண்டான்னுட்டாரு" என்றாள். அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். நான் வந்து சேர்ந்திருக்கக்கூடிய அந்திதான் அது. ரிஸ்வான் ஓட்டியிருந்தால் இருட்டுவதற்குள் போயிருப்பேன். ஒரு நேரச் சோறு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தின்றிருப்போம்.

உனக்குக் கொழும்பிலிருந்து வர வழியிருக்கவில்லை, அதை நான் குறை சொல்லவில்லை. போனில் அழுதாய். தாத்தா மேல் உனக்குப் பாசம் இருந்தது என்று எனக்குத் தெரியும். அழுது முடித்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "பெட்ரோல் அப்படியே இருக்குதானேம்மா?" என்று கேட்டாய். இருக்கு என்றேன். என் வாயால் நான் சொன்ன பதில்களிலேயே எனக்கு அருவருப்பானது அது ஒன்றுதான். அதற்குப் பிறகு உன் அப்பாவின் கணுக்கால் சரியாக மடங்காமல் போனது, கியரைத் தூக்க முடியாமல் அவரும் ஓட்டுவதை விட்டார். இரண்டு ஆம்பளைகள் இருக்கிற வீட்டு வண்டி, ஒருத்தர் கொழும்பிலும் ஒருத்தர் கதிரையிலுமாக, பொலித்தீன் உறை போர்த்திக்கொண்டு நிற்கிறது. ஸ்கூட்டியாக இருந்திருந்தால் அந்தக் காலோடு இன்றைக்கும் அவர் பேப்பர் வாங்கக் கடைக்குப் போய்வருவார். இதை அவரிடமும் சொல்லிவிட்டேன். பத்திரிகையைத் திருப்பிக்கொண்டார்.

இனி தர்ஷினிக்கு வருகிறேன். தெல்தோட்டையில் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் அவள் டீச்சர். அவள் அப்பா அம்மா இருப்பதும் அங்கேதான். கல்யாணத்துக்குப் பிறகு கட்டுகஸ்தோட்டையிலிருந்து தினமும் கலஹா ரோட்டில் போய்வர வேண்டும். பஸ் மாறி மாறிப் போனால் முதல் மணி அடிப்பதற்குள் அவளால் போய்ச் சேர முடியாது, அது உனக்கும் தெரியும். தெரிந்துதான் முடியலைன்னா விட்டுரட்டும் என்று சொல்கிறாய். நீயும் கல்யாணத்தோடு கண்டிக் கிளைக்கு மாற்றலாகி வருகிறாய், காலையில் ஆபீசுக்கு ஓட வேண்டும். அவளைத் தெல்தோட்டைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு நீ எப்போது ஆபீசுக்குப் போவாய்? ஒரு மாதம் விடுவாய், இரண்டாம் மாதம் சலிப்பாய், பிறகு அவளே வேலையை விட்டுவிடுவாள், நீ விடச் சொன்னதாகவும் இருக்காது. ஸ்கூட்டி மலை ரோட்டுக்குச் சரிவராது என்கிறாய். அந்த ரோட்டில் மழையிலும் மூடுபனியிலும் அவள்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறாள், நீ இல்லை. எப்படி இறங்குகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். "மேலேயே வேகத்தக் கொறைச்சிருவேன் அத்தை. எறக்கத்துல போயிப் பிரேக்கப் பிடிக்கிறதுதான் தப்பு. ரெண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடிப்பேன். அவசரப்படமாட்டேன்" என்றாள். ஆபீசுக்குப் போகவர உனக்குக் கியர் பைக் வேண்டுமா, எடு. உறை போர்த்திய நம் பைக்கைக் கொடுத்துவிட்டு எடு. உன் ஆசைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. அவளுடைய வண்டியில் கை வைக்காதே.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வந்திருந்தாள். நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன். பக்குவமாகச் சொல்லவில்லை, நீ சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னேன். முகம் செத்துப் போய்விட்டது. "அவரு என்கிட்ட இதப் பத்தி மூச்சே விடலையே அத்தை" என்றாள். பிறகு நான் ஷோரூம் கதையைச் சொன்னேன், மைதானத்தில் நீ எடுத்த படத்தைச் சொன்னேன், என் அப்பா சோறு வேண்டாம் என்று காத்திருந்ததைச் சொன்னேன். உன்னைக் காட்டிக்கொடுக்கிறேன் என்று தெரிந்தேதான் சொன்னேன். பெற்ற பிள்ளையைப் பற்றி வரப்போகும் மருமகளிடம் இப்படிப் பேசுகிற தாய் கண்டியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவள் அழவில்லை. ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அவரு நல்லவர்தானே அத்தை?" என்று கேட்டாள். நல்லவன்தான் என்றேன். அவன் அப்பாவும் நல்லவர்தான் என்றும் சொன்னேன்.

இந்தக் கடிதம் கிடைத்த பிறகு அவளே உனக்குப் போன் எடுப்பாள். ஸ்கூட்டி என் பெயரில் என்னிடமே இருக்குமா, நான் ஸ்கூலுக்குப் போவேனா என்று கேட்பாள். இருக்கும், போவாய் என்று நீ மனதாரச் சொன்னால், உங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்து ஆரத்தி எடுக்கிற முதல் ஆள் நான். கொஞ்சி, சிரித்து, பேச்சை மாற்றி, நான் எதற்கு இருக்கிறேன் என்று சொல்லிச் சமாளிக்கப் பார்த்தாயானால் ஒன்றைத் தெரிந்துகொள். கல்யாண எழுத்து அன்றைக்கு நீ பதிவாளருக்கு முன்னால் சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருப்பாய், வாசலைப் பார்ப்பாய், அவள் வரமாட்டாள். அப்போது அவள் வீட்டாரிடம் சண்டைக்குப் போகாதே, அவள் மனதை யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் ஆள் தேடாதே. வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லி வைத்திருப்பது நான்தான்.

அம்மா